குணா குகையிலிருந்து மகோந்தோ வரை: ஒரு சினிமா ரசிகரின் 2024

2024 ஜூலை 12, வெள்ளிக்கிழமை. 28 ஆண்டுகளுக்குப் பிறகு சேனாபதி தாத்தாவைத் திரும்ப அழைத்துவந்த ‘இந்தியன் 2’ தியேட்டர்களுக்கு வந்த நாள். ஷங்கர், கமல்ஹாசன், அனிருத் என்று எதிர்பார்ப்பு ஏறிக்கிடந்தது. விஜய் சேதுபதியின் 50ஆவது படமான ‘மகாராஜா’ நெட்ஃபிளிக்ஸுக்கு வந்ததும் அதே நாளில்தான். ஜூன் 14இல் தியேட்டரில் வெளியான படம், சரியாக 28 நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது.

சலூன் கடைக்காரர் ஒருவர், காணாமல்போன குப்பைத்தொட்டியைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி போலீஸ் ஸ்டேஷன் படியேறுகிறார். ‘குரங்கு பொம்மை’ எடுத்த நித்திலன் சாமிநாதன், இந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு காலத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்து அடுக்கியிருந்தார். தியேட்டரில் ஒருமுறை அதிர்ந்தவர்கள் முடிச்சுகள் எங்கே போடப்பட்டன என்று பார்க்க வீட்டில் மறுபடி போட்டார்கள். தமிழ் தெரியாத ஊர்களிலும் படம் பேசப்பட்டது. நவம்பர் 29இல் சீனத் தியேட்டர்கள் வரை போனது. ஆனால் அந்த ஜூலை வெள்ளிக்கிழமை தமிழ்க் குடும்பங்களின் முன்னால் இருந்த கேள்வி எளிமையானது. மாலைக் காட்சிக்குக் கிளம்புவதா, சாப்பாட்டை முடித்துவிட்டு டி.வி. முன்னால் உட்காருவதா?

சினிமாவை உயிராக நேசிக்கிற ஒருவர் 2024 முழுவதும் இந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்தார். பார்ப்பதற்கு அவ்வளவு கிடைத்தது. மலையாளம், ஜப்பானியம், ஸ்பானியம் எல்லாம் வீட்டுக்குள் வந்தன. இருபது வருடப் பழைய படம் மறுபடி ஹவுஸ்ஃபுல் ஆனது. இத்தனையும் இருந்தும், பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும் என்கிற சில படங்கள் அவர் டிக்கெட் போடுவதற்குள் தியேட்டரை விட்டுப் போய்விட்டன.

எல்லை தாண்டி வந்த கூட்டம்

ஆண்டின் முதல் நான்கு மாதம் தமிழ்ப் படங்களுக்கு மந்தமான காலம். பொங்கலுக்கு ‘கேப்டன் மில்லர்’, ‘அயலான்’ வந்தன. ஜனவரி கடைசியில் வந்த ‘ப்ளூ ஸ்டார்’ அரக்கோணத்துக் கிரிக்கெட் மைதானத்தில் சாதியை நேருக்கு நேர் நிறுத்தியது. பிறகு நாடாளுமன்றத் தேர்தலும் ஐ.பி.எல். போட்டிகளும் வந்தன, பெரிய படங்கள் ஒதுங்கிக்கொண்டன.

அந்த இடைவெளிக்குள் கேரளம் நுழைந்தது. பிப்ரவரி 9இல் ‘பிரேமலு’, 15இல் மம்மூட்டி நடித்த கறுப்பு வெள்ளைப் படமான ‘பிரம்மயுகம்’, 22இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’. இரண்டு வாரத்துக்குள் ஒரு காதல் நகைச்சுவை, ஒரு பேய்க்கதை, ஓர் உயிர்மீட்புக் கதை. ஒன்றின் சாயல் இன்னொன்றில் இல்லை. மலையாளப் படம் என்றால் சென்னையில் இரண்டு மல்டிபிளெக்ஸில் பெரும்பாலும் மலையாளிகளே பார்ப்பது என்றிருந்த வழக்கம் அந்த மாதத்தோடு முடிந்தது.

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தின் வெற்றியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொச்சி பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் குணா குகைப் பள்ளத்தில் விழுந்தது 2006இல் உண்மையாகவே நடந்தது. போலீஸும் தீயணைப்புப் படையும் தயங்கிய இடத்தில் நண்பர் ஒருவரே கயிறு கட்டிக்கொண்டு இறங்கி மீட்டார். இயக்குநர் சிதம்பரம் அதைப் படமாக்கியபோது, குகையின் பெரும்பகுதியைக் கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி அரங்கில் உருவாக்கினார். ஷைஜு காலித்தின் ஒளிப்பதிவில் அது அரங்கு என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஈரம், வௌவால், வேர், அடியில் தெரியாத இருட்டு எல்லாம் பார்ப்பவரின் உடம்பில் ஏறிவிடும்.

ஆனால் தமிழ்நாட்டைச் சேர்த்து இழுத்தது ஒரு பாட்டு. சந்தான பாரதி இயக்கத்தில் 1991இல் வந்த ‘குணா’வில் கமல்ஹாசன் சொல்லச் சொல்ல ரோஷிணி கடிதம் எழுதுகிற அந்த இளையராஜா பாட்டை, சிதம்பரம் மீட்புக் காட்சியின் உச்சத்தில் வைத்தார். காதலுக்காக எழுதப்பட்ட பாட்டு நட்பின் பாட்டாக மாறிய அந்தக் கணத்தில், வடபழனியிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் தியேட்டரே எழுந்து கத்தியது. படத்தில் பாதிக்குப் பாதி தமிழ் பேசுகிறார்கள் என்பதும் உதவியது. டப்பிங் செய்யாமலே ஓடிய இந்த மலையாளப் படம் தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. உலக அளவில் 200 கோடியைத் தாண்டிய முதல் மலையாளப் படமும் இதுதான். கொடைக்கானலில் குணா குகையைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது.

எல்லோரும் கொண்டாடவில்லை. காட்டுக்குள் குடித்துக் கும்மாளமிடுகிற சுற்றுலாக் கும்பலை இந்தப் படம் நாயகர்களாக்குகிறது என்று எழுத்தாளர் ஜெயமோகன் கடுமையாக எழுதினார். கேரளத்தில் அதற்குப் பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. மலைப்பாதையில் உடைந்த பாட்டில்களைப் பார்த்தவர்களுக்கு அவர் கோபத்தின் காரணம் புரியும். ஆனாலும் ஒரு படத்தின் பாத்திரங்கள் செய்கிற தவறு படத்தின் தவறாகிவிடாது. குகை வாசலில் அந்த இளைஞர்கள் அடிபட்டு, மிதிபட்டு, அழுது நிற்கிற நீண்ட காட்சியில் சிதம்பரம் அவர்களுக்கு எந்தச் சலுகையும் கொடுக்கவில்லை.

மார்ச் 28இல் பிளெஸ்ஸியின் ‘ஆடுஜீவிதம்’, ஏப்ரல் 11இல் ஃபகத் ஃபாசிலின் ‘ஆவேசம்’ என்று அலை தொடர்ந்தது. ஜனவரியிலேயே சத்தமில்லாமல் வந்துபோன ‘ஆட்டம்’ படத்தையும் பலர் பிறகுதான் தேடிப் பார்த்தார்கள். ஒரு நாடகக் குழுவில் பன்னிரண்டு ஆண்கள், ஒரு பெண், ஒரு குற்றம். அறைக்குள் நடக்கும் விவாதத்தை வைத்தே ஆனந்த் ஏகர்ஷி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போடுகிறார். ஆகஸ்ட் 16இல் அறிவிக்கப்பட்ட 70ஆவது தேசிய விருதுகளில் சிறந்த படம் அதுதான்.

பழைய படம், புதிய வரிசை

தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. மறுநாள் ‘கில்லி’ மறுவெளியீடு. 2004இல் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகப் பார்த்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். அப்போது பிறந்தே இராதவர்கள் வசனத்தை முன்கூட்டியே சொன்னார்கள். புதுப்படங்களைவிட அதிகமாகக் கல்லா கட்டிய வாரம் அது. சென்னை அண்ணாநகர் மல்டிபிளெக்ஸ் ஒன்றில் 2010ஆம் ஆண்டுப் படமான ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ ஆண்டு முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ கிளப்பிய ஆசையில் ‘குணா’வும் நவம்பர் கடைசியில் திரைக்குத் திரும்பியது. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு மோதி வசூலில் தடுமாறிய படத்துக்கு 33 ஆண்டு கழித்துக் கிடைத்த மரியாதை அது.

இதைப் பழமை ஏக்கம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. ‘கில்லி’யை டி.வி.யில் இருபது ஆண்டாகப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். காசு கொடுத்துப் போனவர்கள் போனது ஆயிரம் பேரோடு சேர்ந்து பார்ப்பதற்கு. அந்த ஆசை இன்னும் தீரவில்லை என்று மறுவெளியீடுகள் நிரூபித்த அதே ஆண்டில்தான், அசோக் நகரில் 1983 முதல் நின்ற உதயம் தியேட்டர் வளாகம் மூடப்போகிறது, அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்ற செய்தியும் வந்தது. உதயம், சூரியன், சந்திரன் என்று மூன்று திரைக்கும் பேர் சொல்லி வளர்ந்த தலைமுறை ஒன்று தென்சென்னையில் இருக்கிறது.

ஜூன் முதல் இரண்டு நாட்களில் நாட்டின் பல நகரங்களில் இன்னொரு பழைய படம் வந்தது: ஷியாம் பெனகலின் ‘மந்தன்’. குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டுத் தயாரித்த 1976ஆம் ஆண்டுப் படம். ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அதை மீட்டெடுத்தது. மீட்புப் பணியில் பெரும்பங்கு சென்னை பிரசாத் நிறுவனத்தின் கூடத்தில் நடந்தது. மே மாதம் கான் திரைப்பட விழாவில் காட்டிவிட்டு, உலகப் பால் தினத்தன்று இங்கே திரையிட்டார்கள். ஸ்மிதா பாட்டீலின் முகத்தை அழுக்கும் கீறலும் இல்லாமல் பெரிய திரையில் பார்க்கக் கிடைத்த அந்த இரண்டு நாளைத் தவறவிட்டவர்கள் வருத்தப்படுவது நியாயம்தான்.

ஆகஸ்ட் 23

2024இன் தமிழ் சினிமாவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டால் போதும். ஆகஸ்ட் 23 அன்று மாரி செல்வராஜின் ‘வாழை’யும் பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யும் ஒன்றாக வெளியாயின. இரண்டும் கிராமத்துக் கதை. இரண்டு இயக்குநர்களும் உழைத்துப் பிழைத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அதற்குமேல் இரண்டு படத்துக்கும் இடையே ஓர் உலகமே இருக்கிறது.

‘வாழை’ மாரியின் சொந்தப் பால்யம். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் விடுமுறை நாளெல்லாம் வாழைத்தார் சுமக்கிற சிவனைந்தன், கழுத்து வலியோடு டீச்சர் மீதான பிரியத்தையும் சேர்த்துச் சுமக்கிறான். நண்பனோடு ரஜினியா கமலா என்று சண்டை போடுகிறான். ஒரு தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிற தொழிலாளிகளின் போராட்டம் ஜெயிக்கிறது. அந்த ஒரு ரூபாயை ஈடுகட்ட முதலாளித் தரப்பு தனி வண்டியை நிறுத்துகிறது. ஆட்களைத் தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்காரவைத்து அனுப்புகிறது. அந்தப் பயணம் விபத்தில் முடிகிறது. சிரித்துக்கொண்டிருந்த தியேட்டர் கடைசி இருபது நிமிடத்தில் விம்மிய அனுபவம் மறக்கக்கூடியது அல்ல. பொன்வேல், ராகுல் என்ற இரண்டு சிறுவர்களின் நடிப்புக்காகவே படத்தைத் திரும்பப் பார்க்கலாம். படம் நன்றாக ஓடியது.

‘கொட்டுக்காளி’ வேறு பாதை. வேற்றுச் சாதிப் பையனை விரும்புகிற மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டிய குடும்பம், அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாடியிடம் கிளம்புகிறது. முறைமாப்பிள்ளை பாண்டியாக சூரி. தொண்டை கட்டிய குரலில் கோபத்தை அடக்கிக்கொண்டு வருகிறார். மீனாவாக அன்னா பென் கிட்டத்தட்டப் படம் முழுக்கப் பேசுவதே இல்லை. பின்னணி இசை கிடையாது. காற்று, ஆட்டோ என்ஜின், கட்டிப்போட்ட சேவல், பெண்களின் முணுமுணுப்பு, இவைதான் இசை. வழியில் ஒரு காளை சாலையை மறித்து நிற்கிறது. ஆம்பளைகள் அத்தனை பேரும் பின்வாங்குகிறார்கள். ஒரு சின்னப்பெண் வந்து சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு போகிறாள். சாதியும் ஆண்மையும் எத்தனை பயந்தவை என்று காட்ட வினோத்ராஜுக்கு அந்த ஒரு காட்சி போதுமானதாக இருக்கிறது. ஒரு வார்த்தைப் பிரசங்கம் இல்லை.

வினோத்ராஜின் முதல் படம் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம். ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியதும் அதைத்தான். இருந்தும் தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கு வராமலே 2023இல் நேராக ஓடிடிக்குப் போனது. அதனால்தான் ‘கொட்டுக்காளி’யைத் தியேட்டருக்குக் கொண்டுவந்த தயாரிப்பாளர் சிவகார்த்திகேயனின் முடிவு முக்கியமானது. பெர்லின் விழாவில் காட்டப்பட்ட படத்தைத் திருநெல்வேலியிலும் சேலத்திலும் பார்க்க முடிந்தது.

எத்தனை நாள் பார்க்க முடிந்தது என்பதுதான் வலிக்கிற விஷயம். திறந்துவிட்ட முடிவு பலரைக் குழப்பியது. ‘முடிவே இல்லையே’ என்ற புலம்பல் சனிக்கிழமையே பரவியது. அடுத்த வாரம் ஷோக்கள் சுருங்கின. இப்படிப்பட்ட படத்தை வணிகப் படங்களோடு மோதவிட்டிருக்க வேண்டாம், ஓடிடியில் வெளியிட்டிருக்கலாம் என்று இயக்குநர் அமீர் வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்னது அக்கறையில்தான். ஆனால் அதை ஏற்க மனம் வரவில்லை. ‘கொட்டுக்காளி’யின் மௌனம் போனில் கேட்காது. வீட்டில் குக்கர் விசில், வாசலில் ஹார்ன், கையில் அடுத்த செய்தி என்று இருக்கும்போது, அந்த ஆட்டோவில் மீனா எதிரே பார்க்கிற பார்வையின் கனம் எப்படித் தெரியும்? தியேட்டர் மிகவும் தேவைப்பட்ட படத்துக்குத்தான் தியேட்டர் மிகவும் குறைவாகக் கிடைத்தது. செப்டம்பர் 27இல் அது பிரைம் வீடியோவுக்கு வந்துவிட்டது.

அதே ஆகஸ்ட்டின் இரண்டாம் தேதி வெளியான ‘ஜமா’வின் கதியும் கிட்டத்தட்ட அதுவே. தெருக்கூத்தில் பெண்வேடம் கட்டுகிற ஒருவன் அர்ஜுனன் வேடத்துக்கு ஏங்குகிற கதை. பாரி இளவழகன் எழுதி, இயக்கி, நடித்திருந்தார். இளையராஜா இசை. ஆட்டம் தெரிந்தவர்கள் எடுத்த படம் என்பது முதல் காட்சியிலேயே தெரிகிறது. பார்த்தவர்கள் கொண்டாடினார்கள், பார்த்தவர்கள் குறைவு.

நீளமும் சத்தமும்

செப்டம்பர் 20இல் வந்த ‘லப்பர் பந்து’ வாய்மொழியாலேயே வளர்ந்தது. முதல் நாளைவிட இரண்டாவது வாரம் கூட்டம் அதிகம் என்கிற பழைய காலத்து அதிசயம். ரப்பர் பந்துக் கிரிக்கெட்டில் மாமனாரும் மருமகனும் மோதுகிற கதைக்குள் சாதியையும் குடும்பத்தில் பெண்ணின் இடத்தையும் தமிழரசன் பச்சமுத்து இழையோட விட்டிருந்தார். ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு ஒலிக்கும்போதெல்லாம், முந்தைய டிசம்பரில் காலமான விஜயகாந்துக்குத் தியேட்டரே அஞ்சலி செலுத்தியது. ‘அட்டகத்தி’ தினேஷுக்கு இது வாழ்நாள் வேடம்.

அடுத்த வாரம் ‘மெய்யழகன்’. இருபது வருடத்துக்கு முன் தஞ்சாவூர் வீட்டை இழந்து போனவன், நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்காகத் திரும்புகிறான். பேர்கூட ஞாபகம் இல்லாத ஓர் உறவுக்காரன் அவனை ராத்திரி முழுக்க அன்பால் நனைக்கிறான். அரவிந்த்சாமி, கார்த்தி, ஒரு மொட்டைமாடி, பேச்சு. அவ்வளவுதான் படம். சி. பிரேம்குமார் அவசரப்படாமல் எடுத்ததில்தான் அதன் அழகே இருக்கிறது. ஆனால் நீளம் என்ற புகார் கிளம்ப, வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். பிறகு ஓடிடியில் படம் வந்தபோது ஊர்விட்டு ஊர் போனவர்கள் கண்ணீரோடு பார்த்துவிட்டு, வெட்டியது ஏன் என்று கேட்டார்கள். வெளியூரில், வெளிநாட்டில் வாழ்கிற எத்தனையோ தமிழருக்கு ஆண்டின் படம் இதுதான்.

அக்டோபர் 31இல் தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ 300 கோடியைத் தாண்டியது. மேஜர் முகுந்த் வரதராஜனாக சிவகார்த்திகேயனும் அவர் மனைவியாக சாய் பல்லவியும் நடித்த படம். சாய் பல்லவியின் கடைசிப் பதினைந்து நிமிடம் போதும், வசூலுக்குக் காரணம் புரிய. நவம்பர் 14இல் ‘கங்குவா’ வந்தபோது கதையைவிட அதன் சத்தம்தான் பேச்சானது. காது வலிக்கிறது என்று புகார்கள் குவிய, ஒலி அளவைக் குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். அதைத் தொடர்ந்து, படம் வெளியான முதல் நாட்களில் விமர்சனம் வெளியிடத் தடை கேட்டுத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. சரியான முடிவு. ‘லப்பர் பந்து’வை வளர்த்ததும் தியேட்டர் வாசலில் நின்று மைக்கில் பேசிய இதே ரசிகர்கள்தான்.

வீட்டுக்குள் வந்த உலகம்

தொடர்களைப் பொறுத்தவரை, 2024 கறாராகத் தேர்ந்து பார்த்தவருக்கு ஒரு பொற்காலம். 1600ஆம் ஆண்டு ஜப்பானில் நடக்கும் ‘ஷோகன்’ பிப்ரவரி கடைசியில் தொடங்கியது; வசனத்தில் பெரும்பகுதி ஜப்பானிய மொழி. ஒரே பருவத்தில் 18 எம்மி விருதுகளை அள்ளியது. ஏப்ரலில் வந்த ‘ரிப்ளி’யின் எட்டுப் பகுதியும் கறுப்பு வெள்ளை. இத்தாலியப் படிக்கட்டுகளையும் நிழல்களையும் ராபர்ட் எல்ஸ்விட் படம்பிடித்த விதத்துக்காக, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய தொடர்.

தமிழில் பேசத்தக்கது ‘தலைவெட்டியான் பாளையம்’. இந்தி ‘பஞ்சாயத்’ தொடரின் தமிழ் வடிவம் என்றாலும், இயக்கியவர் ‘மர்மதேசம்’ நாகா. தொண்ணூறுகளில் ‘விடாது கருப்பு’ ஓடிய இரவுகளில் தெருவே அடங்கிக்கிடந்ததை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் மதிப்பு தெரியும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம், நடுவில் விளம்பரம், இருந்தும் கதையின் பிடி தளராது. இன்று ஒரே இரவில் எட்டுப் பகுதியும் பார்த்து முடிக்கிற தலைமுறை, யூடியூபில் கிடைக்கிற ‘மர்மதேச’த்தை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார். அதற்கு முந்தைய இரவுதான் டெல்லி கணேஷ் மறைந்தார். பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’ தொடங்கி 400 படங்களுக்கு மேல் நடித்தவர். ‘நாயகன்’ ஐயரையும் ‘மைக்கேல் மதன காமராஜன்’ பாலக்காட்டு மணி ஐயரையும் அந்த வாரம் பல வீடுகளில் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள்.

டிசம்பர் 11இல் வந்தன காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ தொடரின் முதல் எட்டுப் பகுதிகள். தன் நாவலைப் படமாக்கும் உரிமையை மார்க்வெஸ் உயிரோடிருந்தவரை யாருக்கும் கொடுக்கவில்லை. அவருடைய மகன்கள் முன்னின்று, கொலம்பியாவிலேயே, ஸ்பானிய மொழியிலேயே எடுக்கவைத்தார்கள். சுகுமாரனும் ஞாலன் சுப்பிரமணியனும் மொழிபெயர்த்து 2013இல் தமிழில் வந்த நாவலை வாசித்துவிட்டு, அதன் கற்பனை ஊரான மகோந்தோவை மனதிலேயே கட்டி வைத்திருந்த தமிழ் வாசகர்களுக்கு அது பதற்றமான மாலை. ஏமாற்றவில்லை. நாவலின் மூச்சுவிடாத வாக்கியங்களுக்கு ஈடாக, வீட்டுக்குள் வளைந்து வளைந்து போகிற கேமரா ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

விருது வாங்கிய படமும் பார்க்க முடியாத ஊரும்

மே 25 அன்று கான் விழாவில் பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ கிராண்ட் ப்ரீ விருது வாங்கியது. அவ்விழாவின் இரண்டாவது உயரிய பரிசு. ஷாஜி என். கருணின் ‘ஸ்வாஹம்’ 1994இல் போட்டியிட்டபின், 30 ஆண்டு கழித்துப் பிரதானப் போட்டிக்குப் போன இந்தியப் படம். 2015இல் புனே திரைப்படக் கல்லூரி மாணவர் போராட்டத்தில் நின்றவர் பாயல். படத்தின் மையத்தில் இருப்பவர்கள் மும்பையில் வேலை பார்க்கிற இரண்டு மலையாள நர்ஸுகள். பிரபாவாகக் கனி குஸ்ருதி, அனுவாக திவ்ய பிரபா. ஜெர்மனிக்குப் போய்ப் பேச்சுவார்த்தையே நின்றுபோன கணவனிடமிருந்து ஒரு ரைஸ் குக்கர் வந்து சேர்கிறது. ராத்திரி சமையலறைத் தரையில் உட்கார்ந்து பிரபா அந்தக் குக்கரைக் கட்டிக்கொள்கிற காட்சி ஆயிரம் வசனத்துக்குச் சமம்.

செப்டம்பரில் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு ஆஸ்கருக்கு அனுப்பியது கிரண் ராவின் ‘லாபதா லேடீஸ்’ படத்தை. அறிவிப்பு சென்னையில்தான் நடந்தது. தேர்ந்தெடுத்த குழுவில் ஒரு பெண்கூட இல்லை. ‘லாபதா லேடீஸ்’ அன்பான, அழகான படம். மார்ச்சில் தியேட்டரில் கவனிக்கப்படாமல் போய், நெட்ஃபிளிக்ஸ் வழியாகத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள்வரை வந்து சேர்ந்த படம். ஆனால் அந்த ஆண்டு அனுப்பப்பட்டிருக்க வேண்டியது பாயலின் படம்தான். டிசம்பர் 17இல் வெளியான ஆஸ்கர் குறும்பட்டியலில் ‘லாபதா லேடீஸ்’ இடம்பெறவில்லை.

பாயலின் படம் நவம்பர் 22இல் இந்தியாவெங்கும் வெளியானபோது பெரும்பாலும் பெருநகர மல்டிபிளெக்ஸ்களுக்கே வந்தது. தஞ்சாவூரிலோ நாகர்கோவிலிலோ இருந்த ரசிகர் ஜனவரி 3 வரை காத்திருந்து ஹாட்ஸ்டாரில் பார்க்க வேண்டியிருந்தது.

இந்தக் குறையைத்தான் டிசம்பர் விழாக்கள் ஓரளவு தீர்க்கின்றன. இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003 முதல் நடத்திவரும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா டிசம்பர் 12 முதல் 19 வரை. திருவனந்தபுரத்தில் கேரள விழா 13 முதல் 20 வரை. இரண்டும் ஒரே வாரம். ஆண்டு விடுப்பைச் சேர்த்துவைத்திருந்த தமிழ் ரசிகர்களில் பலர் ராத்திரி ரயிலேறி திருவனந்தபுரம் போனார்கள். அங்கே தொடக்கப் படம் வால்டர் சாலஸின் ‘ஐ ஆம் ஸ்டில் ஹியர்’. ஃபாசில் முகமதுவின் ‘ஃபெமினிச்சி ஃபாத்திமா’ பார்வையாளர் வாக்கில் முதலிடம் பிடித்தது. ஒரு பழைய மெத்தையை மாற்ற நினைக்கிற முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணின் கதை. அரசு நடத்துகிற விழாவில் ஆட்டோ ஓட்டுநரும் கல்லூரி மாணவியும் ஒரே வரிசையில் நிற்கிற காட்சி சென்னைக்கும் வர வேண்டும். தமிழ்நாடு அரசு மனது வைத்தால் மதுரையிலும் கோவையிலும் இதைச் செய்ய முடியும்.

ஆண்டு இரண்டு பெரிய இழப்புகளோடு முடிந்தது. டிசம்பர் 23இல் ஷியாம் பெனகல். 25இல் மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர். எம்.டி.யின் ஒன்பது கதைகள் ‘மனோரதங்கள்’ என்ற பெயரில் ஆகஸ்ட் 15இல்தான் ஓடிடியில் வந்திருந்தன. கமல்ஹாசன் அறிமுகம் செய்துவைத்திருந்தார். அவர் இயக்கிய ‘நிர்மால்யம்’ பார்க்காதவர்கள் அந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்.

இனி வாசகரிடம் ஒரு வேண்டுகோள். 2024இல் தமிழ்நாட்டு மல்டிபிளெக்ஸில் டிக்கெட் விலை 190 ரூபாயைச் சுற்றித்தான் இருந்தது. மற்ற மாநிலப் பெருநகரங்களோடு ஒப்பிட்டால் குறைவு. மாதம் ஒரு முறையாவது ஒரு டிக்கெட்டின் பணத்தைப் பெரிய நட்சத்திரம் இல்லாத ஒரு படத்துக்குக் கொடுங்கள். ஓடிடிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் நான்கு பேரிடம் சொல்லுங்கள், பிடிக்காவிட்டாலும் காரணத்தோடு சொல்லுங்கள். உங்கள் ஊருக்கு வராத படத்தைக் கேட்டு தியேட்டர் மேலாளரிடம் பேசுங்கள். அடுத்த வாரம் ஒரு படம் நிற்கிறதா போகிறதா என்பதை அவர்கள் முடிவுசெய்வது வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் டிக்கெட் கணக்கை வைத்துத்தான்.